நின்றால் நடுங்குகிறது

“ஓட்டுனா ஒண்ணுமில்லண்ணே,
நின்னாத்தான் நடுங்குது.”
மொக்கத்தாய் சாவியை
டயர் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.
செக்கானூரணி கேட்டில்
போடி ரயிலுக்காக நிற்கிற பத்து நிமிஷமும்
பின்னால் அறுபது கேன் தண்ணீரும்
குளிரெடுத்த மாதிரி உதறுதாம்.
கண்ணாடியில் நாகமலை
ரெண்டு ரெண்டாகத் தெரியுதாம்.

நான் பானெட்டைத் தூக்கவில்லை.
கியர் கம்பியின் குமிழில்
உள்ளங்கையை வைத்துக் கேட்டேன்.
ஒரே சீரான நடுக்கம் என்றால் ரப்பர்.
நாலுக்கொரு தரம் நொண்டினால்
உள்ளே ஏதோ ஒன்று
சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறது.
இது ரெண்டும் கலந்த நடுக்கம்.
அதற்கும் அடியில் இன்னொன்று,
எனக்கு மட்டும் தெரிந்தது:
பம்ப் ஓரத்து ஸ்க்ரூவில்
என் ஸ்பேனர் பட்ட தழும்பு.

பங்குனியில் இதே வண்டி
இதே நடுக்கத்தோடு வந்தது.
பட்டறை வாசலில் ஏழு வண்டி.
மதியத்துக்குள் ஆனையூரில்
ஒரு பத்திரத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.
அந்த ஸ்க்ரூவை முக்கால் சுற்று திருகி
ஐடிலிங்கைத் தூக்கிவிட்டேன்.
இரைச்சல் ஏறியது, நடுக்கம் அடங்கியது.
காய்ச்சல்காரனை ஓடவிட்டு
குளிர் விட்டுப்போச்சு என்கிற வைத்தியம்.
நூறு ரூபாய் வாங்கினேன்.

அவள் குற்றம் சொல்லவில்லை.
கேன் கணக்கு நோட்டை விரித்தாள்.
பங்குனி கடைசி வாரத்திலிருந்து
டீசல் வரிசையில்
வாரம் மூணு லிட்டர் கூட.
பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி.
வாராவாரம்.
ஒன்பது கேள்விக்குறி.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கினேன்.
மூடி வைத்திருந்த நோவு அத்தனையும்
டாஷ்போர்டுக்கு வந்தது.
டீ கிளாஸ் தானாக நகர்ந்து
விளிம்பில் நின்று யோசித்தது.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
இன்ஜின் ஓட ஓட
இன்ஜெக்டர் குழாய் நட்டை
ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினேன்.
முதலாவது: டீசல் பீச்சியது, இன்ஜின் தடுமாறியது.
நல்லது, இவன் உழைக்கிறான்.
ரெண்டாவதும் தடுமாறியது.
மூன்றாவதில் டீசல் கொட்டுகிறது,
சத்தத்தில் மயிரளவும் மாற்றமில்லை.
வேலைக்கே வராமல்
கூலி வாங்கிக்கொண்டிருந்தவன் இவன்தான்.
நாலாவதைத் தொட்டது சும்மா ஒரு முறைக்கு.

இன்ஜெக்டரைத் துணியில் சுற்றி
சிம்மக்கல் பம்ப் கடைக்கு
அழகுப்பாண்டியை அனுப்பினேன்.
தூவ வேண்டிய மூக்கு
சொட்டிக்கொண்டிருந்ததாம்.
மூணு மணிக்கு வந்தான்,
புது நாசில், ஒரு பில்,
பாதி தின்ற வெள்ளரிக்காய்.

மாட்டினேன். நொண்டல் போனது.
நடுக்கம் போகவில்லை.
இந்த இடத்தில்தான் பாதிப்பேர்
‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்பார்கள்.
நானும் வாயைத் திறந்தேன்.
அவள் பென்சிலை எடுத்தாள்.
வாயை மூடிக்கொண்டு
வண்டிக்கு அடியில் போனேன்.

இடது மவுண்ட்.
எண்ணெய் குடித்து ஊறிப்போன ரப்பர்,
நடுவில் பிளவு,
பிளவுக்குள் யாரோ திணித்த
சைக்கிள் டியூப் துண்டு.
சத்தியமாக அது நானில்லை.
ஆயில் சம்புக்கு அடியில் பலகை கொடுத்து
ஜாக்கியில் இன்ஜினை ரெண்டு விரற்கடை தூக்கினேன்.
பழசு கையோடு பிய்ந்து வந்தது.
புதுசு உட்கார மறுத்தது.
போல்ட் துளை நேருக்கு வர
அரைமணி நேரம்
கெட்ட வார்த்தை கேட்டது.

ஆறரைக்கு ஸ்டார்ட்.
மொக்கத்தாய் சீட்டில் ஏறி
பக்கக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.
ஒரே ஒரு நாகமலை.
கேன்களுக்குள் தண்ணீர்
கோடு போட்டது போல் கிடந்தது.
“ஆஃப் ஆயிருச்சுண்ணே” என்று
ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு
மறுபடி சாவியைத் திருகினாள்.
க்ர்ர்ர்ரீச்!
எதிர்க்கடையில் பரோட்டா வீசுகிறவன்
பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

நாசிலுக்கும் ரப்பருக்கும் மட்டும்
தொகை சொன்னேன்.
“உங்க கூலி?”
“அதான் பங்குனியிலயே வாங்கிட்டேனே.”
நோட்டில் எழுதிக்கொண்டாள்.
எழுதி முடித்து,
தலை நிமிராமல்,
“இருபத்தேழு லிட்டர்ண்ணே” என்றாள்.

நான் பதில் தேடுவதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது.
ஓட்டும்போது எப்போதுமே
ஒண்ணுமில்லைதான்.